1958இல் எடுத்த படம், 2000க்குப் பிறகு வந்த பிரிண்ட்: ஃப்ரெட் ஹெர்சாக்கின் வான்கூவர்

கேள்வி: வான்கூவரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே ஒரு காலரியில் ஃப்ரெட் ஹெர்சாக் என்பவர் எடுத்த தெருப் படங்களைப் பார்த்தேன். பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வருடம் போட்டிருக்கிறார்கள்: ஒன்று 1950களிலோ 60களிலோ, இன்னொன்று 2000க்குப் பிறகு. ஏன் இரண்டு? இவ்வளவு படம் எடுத்தவர் ஐம்பது வருடம் எப்படி யாருக்கும் தெரியாமல் இருந்தார்? எனக்குப் பழைய கார்களும் கடைப் பலகைகளும்தான் கண்ணில் பட்டன. இன்னொரு முறை போக வேண்டுமா, புத்தகம் வாங்கினால் போதுமா?

பதில்:

அந்த இரண்டு வருடங்களைக் கவனித்தீர்களே, ஹெர்சாக்கின் கதை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் வருடம், அவர் தெருவில் நின்று கேமராவை அழுத்தியது. இரண்டாவது, அந்தப் படம் சுவரில் மாட்டக்கூடிய காகிதமானது. நடுவே நாற்பது, ஐம்பது ஆண்டுகள். அவர் கேமராவில் போட்ட பிலிமிலிருந்து ஒரு கலைக்கூடத்தின் சுவருக்குப் போக, அவருடைய சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வழி அத்தனை காலம் இல்லை.

அவர் போட்டது கோடாக்குரோம் ஸ்லைடு பிலிம். நம்மூர் ஸ்டுடியோக்களில் கல்யாணப் படம் கழுவி வாங்கியவர்களுக்கு நெகட்டிவ் தெரியும்: நிறமெல்லாம் தலைகீழாக இருக்கும் ஒரு துண்டு, அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஸ்லைடு அப்படியில்லை. கேமராவுக்குள் போன அதே பிலிம்தான் கடைசிப் படமாக வெளியே வரும். சின்ன அட்டைச் சட்டத்தில் பொருத்தி, புரொஜெக்டரில் போட்டு, இருட்டறையில் திரையில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அதைவிட அழகான ஒன்று அந்தக் காலத்தில் கிடையாது. காகிதத்துக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். ஸ்லைடிலிருந்து இடை நெகட்டிவ் ஒன்று எடுத்துப் பிரிண்ட் போட்டால் நுணுக்கம் போய்விடும். சிபாகுரோம் தாளில் நேரடியாகப் போட்டால் வெளிச்சம் வெளுத்து, நிழல் கறுத்து, படம் முரட்டுத்தனமாகிவிடும். மூன்றாவது வழி டை டிரான்ஸ்ஃபர். மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயம் ஏற்றுவது. அருமையாக வரும். ஆனால் தேர்ந்த கை வேண்டும், நேரம் வேண்டும், பணம் நிறைய வேண்டும். விளம்பரக் கம்பெனிகளுக்கு அது சாத்தியம். மருத்துவமனையில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு முடியாது.

இதில் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கோடாக்குரோமைப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆஃப்செட் அச்சுக்கு நிறம் பிரிக்க அதைவிட நல்ல மூலம் கிடையாது. இந்தியாவை வண்ணத்திலேயே எடுத்த ரகுபீர் சிங் அதே பிலிமைத்தான் நம்பினார். பத்திரிகைகளும் புத்தகங்களும் அவர் படங்களை உலகத்துக்குக் காட்டின. ஆக, கோடாக்குரோமில் எடுத்தால் பத்திரிகைக்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் ஓட்ட வேண்டும். ஹெர்சாக் பத்திரிகைக்காரர் இல்லை.

அவர் யார்? 1930இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயது ஸ்டுட்கார்ட்டில். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒருவர். தாய் போர் நடக்கும்போதே இறந்தார், தந்தை போர் முடிந்த கொஞ்ச நாளில். படிப்பு நின்றது. 1952இல் கனடாவுக்குக் கப்பலேறினார். கிழக்குப் பகுதி நகரங்களில் சில மாதங்கள் இருந்துவிட்டு, 1953இல் வான்கூவர் வந்தார். கப்பல் வேலை பார்த்தார். 1957இல் செயின்ட் பால்ஸ் மருத்துவமனையில் மருத்துவப் படப்பிடிப்பாளர் வேலை கிடைத்தது. பிறகு 1961இலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படப் பிரிவில். பிழைப்புக்கு அதுதான் தொழில். தெருப் படங்களெல்லாம் வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் எடுத்தவை.

அந்தத் தொழிலை வெறும் வாழ்க்கைக்குறிப்பாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். மருத்துவப் படத்தில் அழகுபடுத்துவது குற்றம். புண் எந்த நிறமோ அந்த நிறத்தில்தான் வர வேண்டும். சிவப்பு கொஞ்சம் கூடினாலும் டாக்டர் தப்பாகப் படிப்பார். உடம்பைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது, உருகவும் கூடாது. பகலெல்லாம் அப்படிப் பழகிய கண் மாலையில் ஹேஸ்டிங்ஸ் தெருவுக்குப் போகிறது. 1968இல் எடுத்த, கட்டுப் போட்ட ஒரு மனிதரின் படம் இவருடைய படங்களில் பலமுறை அச்சானது. அதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் தோன்றும். பரிதாபம் கோரும் படம் இல்லை அது. அந்த மனிதர் நிற்கிறார், கட்டு இருக்கிறது, நாள் நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வேறு ஒருவர் எடுத்திருந்தால் அதை ஏழ்மையின் படமாக ஆக்கியிருப்பார்.

இனி, ஐம்பது வருடம் ஏன் தெரியாமல் போனார் என்பதற்கு வருகிறேன். காகிதச் சிக்கல் பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்தக் காலத்துக் கலை உலகின் மனசு.

வண்ணப் படம் என்றால் விளம்பரம், வாழ்த்து அட்டை, குடும்ப ஆல்பம். கலை என்றால் கறுப்பு வெள்ளை. அமெரிக்கத் தெருக்களையும் பெயர்ப் பலகைகளையும் எப்படிப் பார்ப்பது என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த வாக்கர் எவன்ஸ், 1969இல்கூட வண்ணப் படத்தைக் கொச்சையானது என்று எழுதினார் (பின்னாளில் அவரே போலராய்டில் வண்ணம் எடுத்தார், அது வேறு கதை). 1976இல் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மாட்டியபோது, விமர்சகர்கள் அதை வெறும் சலிப்பு என்று கிழித்தார்கள். அந்தக் கண்காட்சியில் இருந்தவை டை டிரான்ஸ்ஃபர் பிரிண்ட்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தச் செலவைத் தாங்கியவர்தான் சுவருக்குப் போக முடிந்தது.

அதே அருங்காட்சியகத்தில் 1974இல் ஹெலன் லெவிட்டின் வண்ணப் படங்களைக் காட்டினார்கள். எப்படித் தெரியுமா? புரொஜெக்டர் வைத்து, ஸ்லைடாகவே, ஒன்றன்பின் ஒன்றாக. லெவிட் 1959இலேயே உதவித்தொகை வாங்கி நியூயார்க் தெருக்களை வண்ணத்தில் எடுத்தவர். அந்த ஸ்லைடுகளில் பெரும்பகுதி 1970இல் அவர் வீட்டிலிருந்து திருட்டுப் போனது. போனது போனதுதான், ஸ்லைடுக்கு நகல் ஏது. அதே ஊரில் சால் லைட்டர் 1940களின் கடைசியிலிருந்து வண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வண்ணப் படங்கள் பரவலாகத் தெரிய வந்தது 2006இல் ஒரு புத்தகம் வந்த பிறகு. ஹெர்சாக்கின் பெரிய கண்காட்சி 2007. இந்த இரண்டு ஆண்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயலில்லை. ஸ்லைடை நல்ல ஸ்கேனரில் ஏற்றி, நிறமிச் சாயம் கொண்ட இங்க்ஜெட் மெஷினில் கனமான தாளில் அச்சிடும் முறை 2000க்குப் பிறகுதான் நம்பிக்கைக்குரிய தரத்துக்கு வந்தது. ஒரு தலைமுறை வண்ணக்காரர்களுக்கு அந்த மெஷின்தான் கதவைத் திறந்தது.

வான்கூவருக்கென்றே இன்னொரு விஷயம் உண்டு. புகைப்படக் கலையில் உலகம் இந்த நகரத்தை நன்றாக அறியும், ஆனால் வேறு வகைப் படங்களுக்காக. ஜெஃப் வால் 1970களின் இறுதியிலிருந்து பிரம்மாண்ட வண்ணப் படங்களை விளக்குப் பெட்டிகளில் வைத்துக் காட்டினார். 1982இல் அவர் செய்த ‘மிமிக்’ படத்தில் ஒரு வெள்ளைக்காரர் நடந்துபோகிற ஆசிய மனிதரைப் பார்த்துக் கண்ணை இழுத்துக் கேலி காட்டுகிறார். பார்த்தால் தெருவில் சட்டென்று பிடித்த படம் போலவே இருக்கும். ஆனால் ஆட்களை வைத்து, திட்டமிட்டு எடுத்தது. தெருப் படத்தின் உண்மையையே கேள்வி கேட்பதுதான் அந்தத் தலைமுறைக்குக் கலை. அந்தக் காற்றில், தெருவில் நடந்து, கண்ணில் பட்டதை எடுத்து, அட்டைச் சட்டத்தில் போட்டு வைக்கும் ஒருவரைப் பழைய ஆள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பின்னாளில் ஹெர்சாக்கின் 2011 புத்தகத்துக்குக் கட்டுரை எழுதியவர்களில் ஜெஃப் வாலும் ஒருவர். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

ஆனாலும் ஹெர்சாக்கைக் ‘கண்டெடுக்கப்பட்டவர்’ என்று எழுதுகிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. சிகாகோவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த விவியன் மேயரின் கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், தெரியாமல் இருந்த எந்தப் படப்பிடிப்பாளர் வந்தாலும் அதே சட்டையை மாட்டிவிடுகிறார்கள். மேயர் தம் படங்களையும் பிலிமையும் போட்டு வைத்திருந்த பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போனபோது அவர் உயிரோடு இருந்தார், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. 2009இல் இறந்தார். அவர் கழுவாமலே விட்ட பிலிம் சுருள்களை வேறு யாரோ கழுவி, வேறு யாரோ தேர்ந்து, வேறு யாரோ அச்சிட்டார்கள். ஹெர்சாக் ஒளிந்திருக்கவில்லை. பாடம் நடத்தினார், ஸ்லைடு போட்டுக் காட்டினார், அந்த ஊரில் படம் எடுக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். வான்கூவர் ஆர்ட் காலரி 2007இல் கிராண்ட் ஆர்னால்டின் பொறுப்பில் அந்தப் பெரிய கண்காட்சியை வைத்தபோது ஹெர்சாக்குக்கு 76 வயது. பிரிண்ட்களின் நிறத்தை அவரே உட்கார்ந்து சரிபார்த்தார். 2019இல் தம் 88ஆம் வயதில் காலமாகும் முன், பன்னிரண்டு ஆண்டுகள் தம் படங்களைச் சுவரில் பார்த்துவிட்டுப் போனார். தாமதமான அங்கீகாரம்தான். ஆனால் அவர் கையாலேயே நடந்தது.

இங்கே ஸ்லைடைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கோடாக்குரோமின் சாயம் பிலிமிலேயே இருக்காது. எடுக்கும்போது அது உண்மையில் மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம். கழுவும்போதுதான் ஒவ்வொரு அடுக்குக்கும் சாயம் ஏற்றுவார்கள். (1935இல் விற்பனைக்கு வந்த இந்த முறையைக் கண்டுபிடித்த மான்னஸ், கோடோவ்ஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். அடுக்குகளைக் கழுவும் நேரத்தை இருட்டில் சங்கீதத்தை வாயால் சீட்டியடித்து அளந்தார்கள் என்று சொல்வார்கள்.) இருட்டில் வைத்திருந்தால் அந்தச் சாயம் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். அதே சமயம் புரொஜெக்டர் விளக்கு மற்ற பிலிம்களைவிட இதை வேகமாக வெளுக்கச் செய்யும். யோசித்துப் பாருங்கள்: இந்தப் படங்கள் அந்தக் காலத்திலேயே புகழ்பெற்று, ஊர் ஊராகத் திரையில் ஓடியிருந்தால், நீங்கள் பார்த்த அந்தச் சிவப்பு பிழைத்திருக்காது.

ஸ்கேன் செய்வதும் சுலபமில்லை. சாதாரண வண்ண பிலிமில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து மெஷினே நீக்கிவிடும். கோடாக்குரோமில் அந்த வித்தை சரியாக வேலை செய்யாது; படத்தின் கறுப்புப் பகுதியையே தூசி என்று எண்ணித் தின்றுவிடும். ஆகவே புள்ளி புள்ளியாகக் கையால் துடைக்க வேண்டும். ஸ்கேனில் நீலம் தூக்கலாகவும் வரும். ஆகவே நீங்கள் பார்த்த ஒவ்வொரு பிரிண்ட்டுக்குப் பின்னாலும் எந்த நீலம், எந்த நிழல் என்று பல முடிவுகள் இருக்கின்றன.

அப்படியானால் அது 1958இன் படமா, இல்லை 2000களின் படமா? நேர்மையான பதில்: இரண்டும். படத்தின் சட்டகம் 1958இல் முடிந்துவிட்டது. ஸ்லைடில் வெட்டித் திருத்த இடமில்லை, கேமராவில் பார்த்ததுதான் திரையில். அதனால் ஓரங்களில்கூட அவருக்கு அவ்வளவு கவனம். ஆனால் எதை மாட்டுவது என்ற முடிவு முதியவருடையது. பல்லாயிரம் ஸ்லைடுகளிலிருந்து ஒரு நூறு, நூற்றைம்பதைத் தேர்ந்தவர் அரை நூற்றாண்டு கழித்து, எந்தத் தெரு மறைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே தேர்ந்தார். இருபத்தெட்டு வயதில் அதே மனிதர் வேறு நூறைத் தேர்ந்திருக்கலாம். கண்காட்சியில் ஏக்கம் தூக்கலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனிப் படங்களுக்குள். உங்கள் கண்ணில் கார்களும் பலகைகளும் பட்டதில் தப்பே இல்லை. அவர் அவற்றைத் தேடித்தான் போனார். ஆனால் மறுபடி போனால் முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்.

1950களின் கோடாக்குரோமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஏஎஸ்ஏ என்ற அளவில் 10. உங்கள் போன் கேமரா இருட்டில் ஆயிரக்கணக்கில் போகும், இது பத்து. நல்ல வெயிலில் லென்ஸை எஃப் 5.6க்குத் திறந்தால் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்) ஏறக்குறைய 1/80 விநாடி. நடக்கிற மனிதரைக் கலங்காமல் பிடிக்க அது மயிரிழையில்தான் போதும். வான்கூவரோ மழைக்கால ஊர். மேகம் கவிந்த நாளில் எஃப் 2 வரைக்கும் லென்ஸைத் திறந்தாக வேண்டும். அப்படித் திறந்தால் கூர்மையாக விழும் தூரம் மிகவும் குறுகிவிடும். இரண்டடி முன்னே பின்னே நின்றால் முகம் மங்கிவிடும். 1961இல் வந்த கோடாக்குரோம் 2 வேகத்தை 25 ஆக்கியது, அதுவும் குறைவுதான். போதாக்குறைக்கு ஸ்லைடில் வெளிச்சக் கணக்கு அரைப் படி தப்பினாலும் படம் பாழ். நெகட்டிவில் இருக்கிற தயவு இதில் இல்லை. அதே காலத்தில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர்கள் டிரை-எக்ஸ் என்ற பிலிமைப் போட்டு, பல மடங்கு வேகத்தில், நெஞ்சுக்கு நேராக வைத்துச் சரமாரியாக அழுத்திக்கொண்டு போனார்கள்.

இந்தக் கட்டுப்பாடு ஹெர்சாக்கின் பாணியையே தீர்மானித்தது. அவர் படங்களில் ஓட்டம் குறைவு. மனிதர்கள் நிற்கிறார்கள், பேப்பர் படிக்கிறார்கள், கடை ஜன்னலைப் பார்க்கிறார்கள், எதற்கோ காத்திருக்கிறார்கள். 1961இல் எடுத்த பத்திரிகை வாசகர்கள் படம் ஓர் உதாரணம். வெயில் சாய்ந்து விழும் மாலை நேரம் அடிக்கடி வரும். வடக்கே அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊரில் அந்தச் சாய்ந்த வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். அந்த வெளிச்சத்தில் சுவர், மரப்பலகை, மனிதத் தோல் மூன்றும் ஒரே சூட்டில் இருக்கும். பிறகு எங்கேயோ ஒரு சிவப்பு: ஒரு காலுறை, ஒரு கோக் விளம்பரம், ஒரு கார். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் படமே இல்லாமல் போய்விடும் இடம் அது. நிறத்தை அலங்காரமாக வைத்தாரா, படத்தின் எலும்பாக வைத்தாரா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தை மனசுக்குள் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஹெர்சாக்கின் நல்ல படங்கள் அப்போது சரிந்து விழுந்துவிடும்.

‘போக்னர்ஸ் குரோசரி’ (1960) படத்தில் நில்லுங்கள். ஒரு சின்ன மளிகைக் கடை. குளிர்பானக் கம்பெனிப் பலகைகள் கடையையே விழுங்கிவிடும்போல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடை யாருடையது என்பதைவிட எந்தக் கம்பெனி அந்தச் சுவரை வாடகைக்குப் பிடித்தது என்பது பெரிய எழுத்தில் தெரிகிறது. ‘ஹப் அண்ட் லக்ஸ்’ (1958) படத்தில் ஒரு துணிக்கடையும் ஒரு தியேட்டரும் நியான் எழுத்தில் போட்டி போடுகின்றன. அந்தக் காலத்து வான்கூவர் நியானுக்குப் பேர்போனது. நகரத்தை அது அசிங்கப்படுத்துகிறது என்று பெரிய சண்டையே நடந்து, 1970களில் நகராட்சி பலகைகளைக் கட்டுப்படுத்தியது. ஆக, ஹெர்சாக் அந்தப் பலகைகளைக் காதலோடு எடுத்துக்கொண்டிருந்தபோது, ஊரில் மரியாதைக்குரியவர்கள் அவற்றைக் குப்பை என்றார்கள். இப்போது நாம் ‘ஆஹா, பழைய அழகு’ என்கிறோம். அவர் எடுத்தபோது அது பழையதும் இல்லை, அழகென்று யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அதனால்தான் இவற்றை ஏக்கப் படங்கள் என்று மூடிவைப்பது எனக்கு உறுத்துகிறது.

அவர் நடந்த இடங்களையும் பாருங்கள். கிரான்வில் தெரு, ஹேஸ்டிங்ஸ், சைனாடவுன், ஸ்ட்ரத்கோனா, மர அறுவை ஆலைகள் நிறைந்த ஃபால்ஸ் கிரீக் கரை. மலையும் கடலும் தெரியும் அழகான பணக்கார வான்கூவர் அவர் படங்களில் மிகவும் குறைவு. ஸ்ட்ரத்கோனாவின் ஓரத்தில் ஹோகன்ஸ் அலி என்று கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதி இருந்தது. மேம்பாலங்களுக்காக 1970களின் தொடக்கத்தோடு அது துடைக்கப்பட்டது. அதே நெடுஞ்சாலைத் திட்டம் சைனாடவுனையும் கிழித்துக்கொண்டு போயிருக்கும், அங்கிருந்தவர்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். ஃபால்ஸ் கிரீக்கின் வடகரையில் 1986இல் உலகக் கண்காட்சி நடந்தது, அது முடிந்ததும் நிலம் கைமாறி, இன்று உங்கள் மகள் வீட்டிலிருந்து ஒருவேளை தெரியும் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. ஹெர்சாக் இதையெல்லாம் முன்கூட்டி அறிந்தவர் இல்லை. இடிக்கப்படப்போகும் இடங்கள் பெரும்பாலும் அதிகாரம் இல்லாதவர்கள் வாழும் இடங்கள். அவர் நடந்தது அங்கே. அவ்வளவுதான் தொடர்பு.

படங்களில் தனியாக நிற்கும் வயதான ஆண்கள் நிறைய வருவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடுகளில் மரம் வெட்டியவர்கள், கப்பலில் இருந்தவர்கள், சுரங்கத்தில் உழைத்தவர்கள், உடம்பு ஓய்ந்த பிறகு நகர மையத்தின் மலிவு ஓட்டல் அறைகளில் வந்து தங்கினார்கள். குடும்பம் கிடையாது. பகல் முழுவதும் தெருதான் அவர்களுக்குக் கூடம். ஹெர்சாக்கும் தாய் தந்தை இல்லாமல், கப்பலில் வேலை பார்த்து, வாடகை அறையில் தங்கியவர். ஹார்வுட் தெருவில் தாம் இருந்த அறையையே 1958இல் ஒரு படம் எடுத்திருக்கிறார். மாட்டியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அந்த அறையைப் பார்த்த பிறகு வெளியே நிற்கும் முதியவர்களை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1958இல் பெண்டர் தெருவில் எடுத்த ஒரு படத்துக்கு ‘கறுப்பு மனிதன், பெண்டர்’ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் வரும் படங்களுக்கு அவர்கள் செய்கிற காரியமோ, தெருவோ, கடையோ பெயராகிறது. இங்கே தோலின் நிறம் பெயராகிறது. சைனாடவுன் படங்களிலும் சில நேரம், அங்கே வாழ்கிறவர்களை விடவும் அங்கே தெரிகிற வண்ணம் அவரை ஈர்த்ததோ என்று தோன்றும். யாரிடமும் அனுமதி கேட்டு எடுக்கும் பாணியும் இல்லை. அந்தக் காலத்துத் தெருப் படக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் என்பது விளக்கமே தவிர பதில் இல்லை. ஆனால் அந்த 1958 படத்தின் முன்னால் நின்றால் இன்னொன்றும் தெரியும். அந்த மனிதர் வேடிக்கைப் பொருளாகவோ பரிதாபப் பொருளாகவோ நிற்கவில்லை. தெரு அவருடையது என்பதுபோல் இருக்கிறார். தலைப்பைவிடப் படம் பெருந்தன்மையானது. நான் படத்தின் பக்கம்.

கடைசியாக, புத்தகமா நேரிலா. ஹாட்யே காண்ட்ஸ் பதிப்பகம் 2017இல் கொண்டுவந்த ‘மாடர்ன் கலர்’ நல்ல புத்தகம், தாராளமாக வாங்கலாம். கண்காட்சியில் இல்லாத படங்கள் நிறைய கிடைக்கும். ஆனால் அருகில் இருக்கும்வரை நேரில்தான் போக வேண்டும். ஆஃப்செட் அச்சில் நிழல் பகுதிகள் அடைந்துபோகும். இவருடைய நிழல்களுக்குள் கடையின் உள்பக்கம், படிக்கட்டு, பாதி முகம் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அது நல்ல பிரிண்ட்டில்தான் வரும். ஒரே மூச்சில் எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டாம். ஐந்தாறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தள்ளி நின்று பாருங்கள், பிறகு லேபிள் எழுத்து படிக்கிற தூரத்துக்கு வாருங்கள், சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். காலரியில் இருப்பவர்களிடம் அந்த இரண்டாவது வருடத்தைக் காட்டி, பிரிண்ட் ஹெர்சாக் உயிரோடு இருந்தபோது அவர் பார்வையில் போட்டதா, பிறகு போட்டதா என்று கேளுங்கள். அவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2019க்குப் பிந்தைய பிரிண்ட் என்றால் அந்தச் சிவப்பை முடிவு செய்தது வேறொரு கை. பக்கத்திலேயே முந்தைய பிரிண்ட் ஒன்று மாட்டியிருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.